அயர்லாந்தில் ஓர் அண்டா

"சாது மிரண்டால் காடு கொள்ளாது" என்று நம் பாட்டிமார் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்ட விஷயத்தை, 129 நிமிஷங்கள் ஓடும் வர்ணப் படமாக எடுத்துக் காட்டியவர் ஜான் ஃபோர்டு என்னும் அமெரிக்க டைரக்டர். படத்தின் பெயர் 'தி கொயட் மேன்'. 1952-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாம் அதை முதன்முதலாகப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து, மணமான புதிதில், சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில். பக்கத்து ஆசனத்தில் நம் மனையாள் அமர்ந்திருந்தாள். படம் முடிந்து சுள்ளென்ற வெயிலில் வெளியே வந்தபொழுது நமக்கு உண்டான ஆசை ஒன்றே ஒன்று: அந்தப் பச்சைப் பசேலென்ற பூமியை ஒரு நாள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு என்ன தோன்றியது என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது சுமார் ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, அயர்லாந்தின் மேற்குக் கோடியில், மழைத் தூறலில் மோட்டாருக்குள் அடைபட்டு உட்கார்ந்திருக்கும்பொழுது தெரிய வந்தது. அதைச் சொல்வதற்காகவே இந்த வாரம் பேனாவை எடுத்தோம்.

படத்தைப் பாராத நேயர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். ஷான் தார்ன்டன் என்பவன் அமெரிக்காவில் குத்துச்சண்டை வீரன். பந்தய மேடையில் எதிராளி ஒருவன் அவனுடைய அடி தாங்காமல் இறந்துபோகிறான். இனி எவன்மேலும் கை ஓங்குவதில்லை என்று மனத்துக்குள் சங்கற்பம் செய்துகொண்டு, தான் பிறந்த குடிசையை விலைக்கு வாங்கி அமைதியாக வாழ்வதற்காக, அயர்லாந்தில் இனிஸ்ஃப்ரீ என்ற கிராமத்துக்கு வந்து சேருகிறான். ஆட்டு மந்தைக்கு நடுவே நிற்கும் செந்நிறக் கூந்தலாள் மேரி கேட்டைக் கண்டதும் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளுடைய அண்ணனோ ஊரில் பெரிய மிராசுதார். அந்தக் குடிசை நிலத்தின்மேல் அவனுக்கும் ஒரு கண். கல்யாணத் தரகர் ஒருவர் குதிரை வண்டியில் போகவும் வரவும், குடிக்கவும் பேசவுமாக ஒருவாறு விவாகம் நிறைவேறுகிறது. ஆனால், தங்கைக்குச் சேர வேண்டிய சீதனப் பணத்தைத் தர மாட்டேன் என்று அண்ணன் ஒரேயடியாகச் சாதிக்கிறான். "பணம் போனால் போகட்டும்" என்கிறான் கணவன். "அது என் கைக்கு வரும் வரையில் இந்த வீட்டில் நான் மனைவியல்ல" என்கிற பாவனையில் நடந்துகொள்கிறாள் மனைவி. கடைசியில் சாது மிரள்கிறது. மைத்துனர்கள் இருவரும் வைக்கோல் போர், ஓடை, மதுக்கடை என்று பாராமல் ஊர் நெடுகச் சண்டை போட்டுக்கொண்டே போக, ஊரார் பந்தயம் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள்.

நம்முடைய மருமான் டப்ளினில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். அவனுடைய குழந்தைக்கு ஆண்டு நிறைவு என்று அழைப்பு வந்தது. குழந்தையைப் பார்ப்பது நம் மனையாளுக்குப் பிரதானம். இனிஸ்ஃப்ரீயைப் பார்ப்பது நமக்கு. இருவரும் அவரவர் காரணத்தை வெளியில் சொல்லாமல் ஒரே விமானத்தில் ஏறினோம். விசேஷம் முடிந்த மூன்றாம் நாள் மருமான் லீவு எடுத்துக்கொண்டு, "மாமா, உங்கள் சினிமா ஊருக்குப் போய் வந்துவிடலாம், அத்தையும் வரட்டும்" என்றான். அத்தை சுருக்குப் பையில் சுக்குப் பொடியும் கையில் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டாள்.

டப்ளினிலிருந்து கால்வே நகரம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். விசாலமான சாலை, அதனாலேயே சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நடுவில் ஷானன் நதியைக் கடந்த பிறகு நிலம் மெலிந்துகொண்டே போவது மட்டும் கண்ணில் பட்டது. 1650-களில் க்ராம்வெல்லின் ஆட்சியார் நல்ல நிலங்களைப் பறித்துக்கொண்டு, கத்தோலிக்க நிலச்சொந்தக்காரர்களை இந்த நதிக்கு மேற்கே துரத்தினார்கள் என்பது சரித்திரம். துரத்துகிறவர்கள் வளமான பூமிக்கா துரத்துவார்கள்? கால்வேயைத் தாண்டியதும் அந்தச் சரித்திரம் கண்கூடாயிற்று. கல், கல், மேலும் கல். கல்லைப் பொறுக்கி எடுத்துச் சுண்ணாம்பும் மண்ணும் இல்லாமல் வெறுமே அடுக்கி வைத்த வேலிச் சுவர்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு முழ அளவு பசும்புல். அதில் முதுகில் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய செம்மறி ஆடுகள். சாயம் அழகுக்காக அல்ல. எந்த ஆடு எவருடையது என்று மலைமேல் கண்டுபிடிப்பதற்காக. சேற்று நிலத்தைச் செங்கல் செங்கலாக வெட்டி எடுத்து அடுக்கிக் காற்றில் உலர வைத்திருந்தார்கள். அதுதான் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் விறகு. "நம் ஊர் வறட்டி மாதிரி" என்று பின் ஆசனத்திலிருந்து ஓர் அபிப்பிராயம் வந்தது.

இந்தப் பிரதேசத்துக்குப் பெயர் என்ன என்று நினைக்கிறீர்கள்? கன்னிமாரா! சென்னை எழும்பூரில் உள்ள புத்தகசாலையில் நம் வாலிபத்தின் பாதியைக் கழித்த நமக்கு, சாலையோரப் பலகையில் அந்தப் பெயரைக் கண்டதும் பால்ய சிநேகிதனை அந்நிய தேசத்தில் சந்தித்தது போல் இருந்தது. 1886 முதல் 1890 வரையில் சென்னைக் கவர்னராக இருந்த ராபர்ட் பூர்க் என்பவருக்கு 'கன்னிமாரா பிரபு' என்று பட்டம். அவர் அஸ்திவாரக் கல் நாட்டிய அந்த நூல்நிலையம் 1896-இல் திறக்கப்பட்டு அவர் பெயரைப் பெற்றது. அவருடைய தமையனார்தான் 1872-இல் அந்தமானில் கொலையுண்ட வைஸ்ராய் மேயோ பிரபு. தமையன் பெயர் ஒரு ஜில்லா. தம்பி பெயர் அதை அடுத்த மலைநாடு. இரண்டையும் நாம் அன்று ஒரே பிற்பகலில் மோட்டாரில் கடந்தோம். 'கன்னி' என்பதை வைத்து நம்மவர்களில் சிலர் அம்மன் கோயில் சம்பந்தம் கற்பிப்பதுண்டு. அப்படி ஒன்றும் இல்லை. 'கடலோரத்துக் கொன்மாக்னே குலத்தார் நாடு' என்பது அந்த ஐரிஷ் சொல்லின் பொருள்.

ஜான் ஃபோர்டுக்கு இந்த மண்மேல் அத்தனை பிரியம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர் பிறந்தது அமெரிக்காவில், 1894-இல். ஆனால், தகப்பனார் கால்வேக்கு மேற்கே கடலோரத்தில் உள்ள ஸ்பிடல் என்ற சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியவர். மாரிஸ் வால்ஷ் என்ற ஐரிஷ் எழுத்தாளர் 1933-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய சிறுகதையை ஃபோர்டு படித்தார். 1936-இல் பத்து டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டார். பிறகு பதினைந்து வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தார். அசட்டு ஐரிஷ் கதை, காசு பெயராது என்று கையை விரித்தார்கள். கடைசியில் ரிபப்ளிக் கம்பெனி முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்: இதே நடிகர்களை வைத்து முதலில் ஒரு குதிரைப்படைப் படம் எடுத்துக் கொடு, அதில் வரும் லாபத்தைக் கொண்டு இதில் வரப்போகும் நஷ்டத்தை ஈடுசெய்துகொள்கிறேன் என்றார். அப்படியே 'ரியோ கிராண்டே' 1950-இல் வந்தது. 1951-ஆம் ஆண்டுக் கோடையில் ஃபோர்டு தம் பரிவாரத்துடன் அயர்லாந்தில் வந்து இறங்கினார். நஷ்டம் வரும் என்ற படத்துக்கு இரண்டு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. ஒன்று ஃபோர்டுக்கு, டைரக்டர் என்ற முறையில் நான்காவது முறையாக. மற்றொன்று ஒளிப்பதிவுக்கு. அதைப் பார்த்தபொழுது பரிசில் கொஞ்சம் அந்தப் புல்லுக்கும் பங்கு கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

ஊக்டரார்ட் என்ற சிறு பட்டணத்தைத் தாண்டி ஐந்து மைல் போனால், பெருஞ்சாலையிலிருந்து சற்று விலகி ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது. படத்தில் கதாநாயகன் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து தூரத்தில் உள்ள தன் குடிசையைப் பார்க்கிறான். அப்பொழுது இறந்துபோன தாயாரின் குரல், வீட்டையும் தோட்டத்தையும் வர்ணிப்பது அவன் காதில் கேட்கிறது. உண்மையில் அந்தப் பாலத்திலிருந்து குடிசை தெரியாது. அது பல மைல்களுக்கு அப்பால் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு மலையை நகர்த்துவது ஒரு பொருட்டல்லவே! நாமும் ஜான் வேய்ன் உட்கார்ந்த மாதிரியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். நமக்குத் தாயார் குரல் கேட்கவில்லை. "மாமா, வயிற்றைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்" என்று படம் எடுத்த மருமானின் குரல்தான் கேட்டது.

நம் மனையாள் எதிர்ப்பக்கத்துச் சுவர் அருகே நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் அம்மாவும் இப்படித்தான். வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாத்திரம் பாத்திரமாகச் சொல்லுவாள்" என்றாள்.

நாம் அதைக் காதில் போட்டுக்கொண்டோமே தவிர மனத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

குடிசையைத் தேடி மாம் என்ற இடத்துக்குப் போனோம். சாலை வரவர ஒடுங்கி, நடுவில் புல் முளைத்த வண்டித் தடமாக மாறிவிட்டது. எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போய் வேலியோரம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் எதிராளி, சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார். அதற்கு நமஸ்காரம் என்றும் பொருள், வந்தனம் என்றும் பொருள். மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அங்கே கேட்கக் கூடாது. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கலாம். வழி கேட்டதற்கு ஒரு கிழவர், "நான் உங்களாக இருந்தால் இங்கிருந்து புறப்பட மாட்டேன்" என்ற தினுசில் ஆரம்பித்தார். படத்தின் முதற் காட்சியில் ரயிலடியில் இனிஸ்ஃப்ரீக்கு வழி கேட்கும் கதாநாயகனுக்கு ஊரே கூடி ஆளுக்கொரு வழி சொல்லி, கடைசி வரை ஒரு வழியும் சொல்லாமல் விடுவார்களே, அதை மிகை என்று இதுவரை நினைத்திருந்த குற்றத்துக்கு மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாகப் படத்தில் பளிச்சிட்ட அந்தக் குடிசைக்கு இப்பொழுது கூரை இல்லை. சுவர்களும் பாதி சரிந்து, கற்குவியலின் மேல் புல்லும் முள்ளும் படர்ந்திருக்கின்றன. தனியார் நிலம், வேலிக்கு இப்பால் நின்றே பார்த்தோம். ஞாபகார்த்தம் என்று கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு என்று சொன்னார்கள். பக்கத்தில் ஓடை மட்டும் படத்தில் ஓடியபடியே ஓடிக்கொண்டிருந்தது. காங் கிராமத்தில் இந்தக் குடிசையின் பிரதியைப் புதிதாகக் கட்டி, உள்ளே மேஜை நாற்காலி சாமான்களை வைத்து, டிக்கெட் விற்கிறார்கள். அசல் இடிந்து கிடக்கிறது. நகல் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நிற்கிறது. நமக்குத் துக்கமாகத்தான் இருந்தது. மழை வலுத்துவிடவே மோட்டாருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம்.

துக்கத்தில் இருக்கிறவன் வாயை மூடிக்கொண்டு இருப்பது உத்தமம். நாமோ பத்திரிகைக்கு எழுதுகிற பழக்கத்தினால் மருமானுக்குப் படத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தோம்.

"எல்லாம் நன்றாயிருக்கிறது, ஒரே ஒரு களங்கம். அந்தப் பெண் சீதனப் பணத்துக்காக அப்படி முரண்டு பிடிப்பது ரஸபங்கமாக இருக்கிறது. நம் தேசத்தில் வரதட்சணைக் கொடுமையால் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன! 1961-இல் சட்டம் போட்டும் இன்னும் ஒழிந்தபாடில்லை. கணவனே வேண்டாம் என்கிறான். இவள் ஏன் பிடிவாதமாய்க் கேட்க வேண்டும்?" என்றோம்.

பின் ஆசனத்தில் சிறிது நேரம் மௌனம்.

"அவள் பணமா கேட்டாள்?" என்றாள் நம் மனையாள். "அவள் தாயார் வைத்துவிட்டுப் போன மேஜை, நாற்காலி, வாத்தியப் பெட்டி, தன் பங்குப் பணம், எல்லாம் அவளுடையது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது வேறு. பெண் தன்னுடையதைக் கேட்பது வேறு. ஒன்றும் இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவள் அங்கே யார்? அண்ணன் வீட்டில் சமைத்துப் போட்ட மாதிரி இங்கேயும் சமைத்துப் போட வேண்டியதுதான். கடைசியில் பணம் கைக்கு வந்ததும் என்ன செய்தாள் என்று பார்த்தீர்கள் அல்லவா? கதிரடிக்கிற இயந்திரத்தின் அடுப்புக் கதவைத் திறந்தவள் அவள்தானே? அவன் அதில் பணத்தைப் போட்டான். பணத்தாசை பிடித்தவள் அப்படியா செய்வாள்?"

ஐம்பது வருஷமாக அந்தக் காட்சியைப் பற்றிப் பேசி வந்திருக்கிறோம். எரியும் பணத்தைத்தான் நாம் பார்த்தோமே தவிர, அடுப்புக் கதவைத் திறந்த கையைப் பார்க்கவில்லை.

"அவனுக்குப் புரிகிற வரையில் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நீங்கள் அண்டாவை விற்றபொழுது நான் பேசாமல் இருந்துவிட்டேன்" என்று முடித்தாள்.

நேயர்கள் மன்னிக்க வேண்டும். இந்த அண்டாவைப் பற்றிச் சற்று விவரிக்க வேண்டியிருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள நம் பூர்வீக வீட்டை 1991-இல் விற்றோம். பரணிலும் கூடத்து அறையிலும் நம் மனையாளின் சீர்ப் பாத்திரங்கள் இருந்தன. ஒரு பெரிய பித்தளை அண்டா, இரண்டு தவலைகள், வெண்கலப் பானை, தாம்பாளங்கள். அண்டா அவளுடைய தாயாருக்கு அவர் தாயார் கொடுத்தது, பெயர் வெட்டியது. சென்னையில் நாம் குடியிருந்த வீட்டில் ஸ்டவ்வை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. ஆகவே, பழைய பாத்திர வியாபாரி ஒருவனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டோம். வந்த பணம் லாரி வாடகைக்குச் சரியாக இருந்தது. லாரியில் என்ன ஏற்றினோம்? நம்முடைய புத்தகங்கள், பதினெட்டு மூட்டை. அவற்றில் பாதியைப் பிற்பாடு கரையான் தின்றது என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை.

"நீ சரி என்றுதானே சொன்னாய்?" என்று கேட்டோம். குரல் நமக்கே பிடிக்கவில்லை.

"நீங்கள் கேட்கவில்லையே. தெரிவித்தீர்கள், சரி என்றேன்."

மருமான் கண்ணாடியைத் துடைக்கிற துடைப்பானை இன்னும் வேகமாக ஓட விட்டான். துடைக்க அவ்வளவு மழை இல்லை.

காங் கிராமத்துக்குப் போய்ச் சேரும் வரையில் ஒருவரும் பேசவில்லை. இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் உள்ள சிறு மண்பாலம் போன்ற இடத்தில் அமைந்திருக்கிறது அந்த ஊர். வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி. படம் எடுக்க வந்த கோடையில்தான் ஊருக்கு மின்சார விளக்கு வந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்லுகிறார்கள். நடிகர்கள் தங்கிய ஆஷ்ஃபோர்டு கோட்டை, 1852 முதல் கின்னஸ் என்ற பெரிய மதுத் தொழில் குடும்பத்தாரிடம் இருந்து, 1939-இல் ஹோட்டலாக மாறியது. அதன் வாசலில் நின்று பார்த்ததோடு நம் செலவைச் சுருக்கிக்கொண்டோம். படத்தில் மதுக்கடையாக வந்தது அந்நாளில் உண்மையில் மளிகைக் கடை. சினிமாவைப் பார்த்து வருகிறவர்கள் அனைவரும் குடிப்பதற்குக் கேட்டுக் கேட்டு, கடைசியில் 2008-இல் அது மெய்யாகவே மதுக்கடையாகிவிட்டது. நடுத்தெருவில் ஜான் வேய்ன் மௌரீன் ஓஹாராவை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நிற்கும் வெண்கலச் சிலை 2013-இல் வைத்தது. மணமான தம்பதிகள் அதன்முன் நின்று அதே மாதிரி தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். மருமான் நம்மை ஒரு பார்வை பார்த்தான். நம் முழங்கால் வலியைக் காரணம் காட்டித் தப்பினோம்.

அந்தச் சிலையில் அவள் சிரித்த முகமாய் இருக்கிறாள். படத்தில் அந்தச் சண்டைக்கு முன்னால் கணவன் அவளை ரயிலடியிலிருந்து மைல் கணக்கில் வயல் வழியே இழுத்துக்கொண்டு வருவான். ஒரு கிழவி வந்து மனைவியை அடிப்பதற்கு நல்ல குச்சி ஒன்று நீட்டுவாள். கொட்டகையில் எல்லோரும் சிரித்தோம். இன்று நமக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. அந்தக் காட்சியில் புல்தரை முழுவதும் ஆட்டுப் புழுக்கை கிடந்ததையும், ஃபோர்டும் வேய்னும் வேண்டுமென்றே மேலும் அதை அவள் பாதையில் தள்ளிவிட்டதையும் ஓஹாரா தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் லேசுப்பட்டவரல்லர். முத்தக் காட்சியில் வேய்னை அறையப்போய்த் தம் மணிக்கட்டு எலும்பையே முறித்துக்கொண்டவர். படத்தின் கடைசியில் அவர் வேய்னின் காதில் ஏதோ ஒன்று சொல்லுவார். என்ன சொன்னார் என்பது ஃபோர்டையும் சேர்த்து மூன்று பேருக்குத்தான் தெரியும். 2015-இல் காலமாகும் வரையில் ஓஹாரா அதை வெளியிடவே இல்லை. இதை நம் மனையாளிடம் சொன்னோம், சமாதான முயற்சியாக. "பெண்கள் வெளியில் சொல்லாமலே வைத்துக்கொள்கிறது அது ஒன்றுதானா?" என்றாள்.

ஊருக்குப் பின்னால் ஒரு கால்வாய் இருக்கிறது. சினிமாப் பிரயாணிகள் பலர் அதைப் பார்ப்பதில்லை. பஞ்ச காலத்தில், 1848-இல், பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக இரண்டு ஏரிகளையும் இணைக்க வெட்ட ஆரம்பித்தார்கள். ஆறு வருஷம் வெட்டினார்கள். மதகுகளும் கருங்கல் கரைகளும் அம்சமாய்க் கட்டியாயிற்று. ஆனால், அடியில் உள்ளது சுண்ணாம்புப் பாறை; சல்லடை போன்றது. 1854-இல் வேலையைக் கைவிட்டுவிட்டார்கள். மழை பிடிக்கும் காலத்தில் தண்ணீர் வருகிறது. மற்ற நாட்களில் புல் முளைத்த வெறும் பள்ளம். 1841-இல் சுமார் 3,88,000 ஜனங்கள் இருந்த மேயோ ஜில்லாவில், 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் 1,38,000 பேரே இருக்கிறார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய வருஷங்களில் தேசம் முழுவதிலும் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். மேலும் பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். மிஞ்சியவர்களும் அதற்குப் பிறகு நூறு வருஷம் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஃபோர்டின் தகப்பனார் அவர்களில் ஒருவர். வண்ணப் படத்தின் பச்சை நிறத்துக்கு அடியில் இந்தப் பள்ளம் கிடக்கிறது. திரும்பி வந்து குடிசையை வாங்குகிறவன் கதையை அமெரிக்கர்கள் ஏன் அவ்வளவு ஆசையாகப் பார்த்தார்கள் என்பது அந்தக் கரையில் நின்றால் விளங்குகிறது. உண்மையில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்?

காங்கிலிருந்து சில மைல் வடக்கே, மாஸ்க் ஏரிக்கரையில் உள்ள ஒரு பண்ணை வீட்டையும் சாலையிலிருந்து பார்த்தோம். சினிமாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, நமக்குத்தான் சம்பந்தம். 1880-இல் அந்த வீட்டில் ஒரு பிரபுவின் காரியஸ்தன் இருந்தான். மகசூல் குறைந்த வருஷத்தில் வாரத்தைக் குறைக்க மறுத்துக் குடியானவர்களை வெளியேற்ற முயன்றான். ஜனங்கள் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. எவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் வயலை அறுவடை செய்ய வடக்கேயிருந்து ஐம்பது ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீஸாரும் வந்தார்கள். ஐந்நூறு பவுன் பெறுமானமுள்ள விளைச்சலுக்குச் சுமார் பதினாயிரம் பவுன் செலவு. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அவன் அயர்லாந்தை விட்டே போய்விட்டான். அவன் பெயர் கேப்டன் பாய்காட். இருபத்தைந்து வருஷம் கழித்து வங்காளத்தில் அந்நியத் துணியைத் தள்ளியபொழுது நம்மவர்கள் ஆங்கிலத்தில் சொன்ன சொல் அந்த மனிதனுடைய பெயர்தான். தமிழில் பகிஷ்காரம் என்றோம். பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் உண்டு என்று நாம் அந்த ஏரிக்கரையில் மருமானுக்கு உற்சாகமாக விளக்கிக்கொண்டே வந்தோம். பாதியில் பின் ஆசனத்தை நினைத்து நிறுத்திக்கொண்டோம். முப்பது வருஷத்துக்கு மேலாக நம் வீட்டில் ஓர் அண்டாவைப் பற்றிய பேச்சே எழவில்லை. அதை நாம் சமாதானம் என்று எண்ணியிருந்தோம்!

அன்றிரவு காங்கில் ஒரு சிறு விடுதியில் தங்கினோம். ஜூன் மாதம், மணி பத்தடித்தும் வெளிச்சம் போகவில்லை. உறக்கம் வராமல் எழுந்து, ஊரில் நம் பள்ளித் தோழர் ஒருவருக்குக் கைப்பேசியிலேயே ஒரு கடிதம் எழுதினோம். பழைய பாத்திரக் கடைகளில், அல்லது எவர் வீட்டிலாவது, இன்னின்ன அடையாளமுள்ள பித்தளை அண்டா தென்பட்டால் விலையைப் பற்றி யோசிக்காமல் தெரியப்படுத்த வேண்டும் என்று கேட்டிருந்தோம். பித்தளை உருக்குகிற பட்டறையில் போனது எப்பொழுதோ உருகிப் போயிருக்கும் என்பது நமக்கும் தெரியாமல் இல்லை.

நம் மனையாள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியை வாங்கிப் படித்தாள்.

"எதற்கு இதெல்லாம்? இத்தனை நாள் இருக்கவா போகிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "பெயர் கழுத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். கழுத்தில் இல்லை; காதுக்குக் கீழே. கடைசி எழுத்தில் புள்ளி வைக்காமல் வெட்டிவிட்டான். அம்மா அதற்காகக் கடைக்காரனோடு சண்டை போட்டு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தாள். உள்ளே ஈயம் பூசியது. அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், என் தம்பி கிணற்றடியில் உருட்டிவிட்டது" என்றாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டோம்.

அவள் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளாலும் காற்றில் ஓர் அண்டாவை வைத்து, எந்தப் பக்கம் என்று காட்டினாள். அப்படியே திருத்தி எழுதி அனுப்பினோம். இந்த இதழ் அச்சுக்குப் போகும் வரையில் பதில் வரவில்லை.